ஸியாத் ஜர்ராஹ்: லெபனானிலிருந்து ஷாங்க்ஸ்வில் வரை. திரும்பிப் போக எத்தனை வழி இருந்தது?

நெய்தல்நிலம் (இழையைத் தொடங்கியவர்) #1

வணக்கம் நண்பர்களே. என் மகள் 2005 இல் பிறந்தவள். 9/11 அவளுக்குப் பாடப் புத்தகத்தில் வரும் ஒரு தேதி. போன வாரம் சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, பத்தொன்பது பேரில் ஒருத்தனுக்குக்கூட மனசு மாறவே இல்லையா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரியே 9/11 விசாரணைக் கமிஷன் அறிக்கையை எடுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். பத்து நாளாக அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பத்தொன்பது பேரில் பதினைந்து பேர் சவூதிக்காரர்கள், இருவர் ஐக்கிய அரபு அமீரகம், ஒருவன் எகிப்து, ஒருவன் லெபனான். அந்த லெபனான்காரன்தான் ஸியாத் ஜர்ராஹ். பென்சில்வேனியாவில் ஷாங்க்ஸ்வில் பக்கத்தில் விழுந்த யுனைடெட் 93 விமானத்தை ஓட்டியவன். மகள் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் வருகிற ஒரே ஆள் இவன்தான் என்று எனக்குப் படுகிறது.

1975 இல் பிறந்தவன். வசதியான குடும்பம். படித்தது கிறிஸ்தவத் தனியார் பள்ளிகளில். 1996 ஏப்ரலில் படிப்புக்காக ஜெர்மனி வருகிறான். முதலில் கிரைஃப்ஸ்வால்டு என்ற சின்ன ஊர். அங்கே ஒரு துருக்கிய வம்சாவளிப் பெண்ணைக் காதலிக்கிறான். விருந்து, நண்பர்கள், பீர் எல்லாம் இருந்த வாழ்க்கைதான். 1996 கடைசியிலிருந்து மெல்ல மாறுகிறான். 1997 இல் விமானப் பொறியியல் படிக்க ஹாம்பர்க் போகிறான். அங்கேதான் முகமது அத்தா (பிறகு கடத்தல்காரர்களுக்குத் தலைவன்), மர்வான் அல் ஷெஹ்ஹி (இரண்டாவது விமானத்தை ஓட்டியவன்), ராம்ஸி பினல்ஷிப் (ஜெர்மனியிலிருந்து தொடர்பாளனாக இருந்தவன்) கூட்டத்தோடு சேர்கிறான். தாடி வளர்கிறது. காதலியின் உடை சரியில்லை, அவளுடைய நண்பர்கள் சரியில்லை என்று குறை சொல்ல ஆரம்பிக்கிறான்.

1999 நவம்பரில் ஆப்கானிஸ்தான். இவர்கள் முதலில் போக நினைத்தது செச்சன்யாவுக்கு. ரயிலில் தற்செயலாக அறிமுகமான ஒருவர் மூலம் டூயிஸ்பர்க்கில் இருந்த வேறொருவரிடம் போகிறார்கள். செச்சன்யாவுக்குள் நுழைவது கஷ்டம், முதலில் ஆப்கானிஸ்தான் போய்ப் பயிற்சி எடுங்கள் என்று அவர் திருப்பி விடுகிறார். அங்கே பின்லேடனைச் சந்தித்து உறுதிமொழி எடுக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் இவனுக்கு இருபது மாதம் இருந்தது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றவர்களைப் போல இவன் வீட்டை அறுத்துக்கொண்டு போகவில்லை. அமெரிக்காவில் இருந்தபோது காதலிக்கு நூற்றுக்கணக்கான முறை போன் செய்திருக்கிறான். 2001 தொடக்கத்தில் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று லெபனான் போய்ப் பக்கத்தில் இருந்திருக்கிறான். போய்விட்டுத் திரும்பவும் புளோரிடாவுக்கு வந்தானே, அந்தப் பயணம்தான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், மறுபடி விமானம் ஏறினான்.

---

தென்றல்84 #2

நல்ல இழை. ஒரு சின்ன விஷயம். ஜர்ராஹை "அவன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகையில் குற்றவாளியையும் "அவர்" என்று எழுதுவதுதான் இப்போது வழக்கம். படிக்கும்போது எனக்கு அது தட்டியது.

---

நெய்தல்நிலம் #3

யோசித்துத்தான் எழுதினேன் சகோதரி. முதலில் "அவர்" என்றுதான் தட்டினேன். "அவர் பயணிகளை மிரட்டினார்" என்ற வரி வந்ததும் கை நின்றுவிட்டது. ஷாங்க்ஸ்வில்லில் இறந்த நாற்பது பேரை "அவர்கள்" என்று எழுதிவிட்டு இவனையும் அதே விகுதியில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் "அவர்" என்று எழுதினால் நான் தவறாக நினைக்க மாட்டேன்.

---

பழையபேப்பர் #4

எனக்கு இந்த இழை பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். காதலி, அப்பாவுக்கு ஆபரேஷன், தனிமையில் வாடிய மாணவன்... இப்படியே போனால் கடைசியில் "பாவம், வழி தவறிய பையன்" என்று முடியும். நான் அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தவன். நமக்கு அப்போது சாயங்காலம். இரண்டாவது விமானம் மோதியதை நேரலையில் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு இவனுடைய காதல் கதை எனக்கு எதற்கு?

---

எல்பேக்கரை #5

வணக்கம். நான் ஹம்பேர்க்கில் வசிக்கிறேன், வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. பழையபேப்பர் அண்ணாவின் கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் இந்த ஊரில் இருக்கிற எனக்கு இந்தக் கதையைத் தள்ளிவைக்க முடியாது.

மத்திய ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் ஸ்டைன்டாம் வீதி. அத்தா கூட்டம் போய்வந்த அல் குத்ஸ் பள்ளிவாசல் அங்கேதான் இருந்தது. நான் சாமான் வாங்கப் போகிற வீதி அது. எல்லா நாட்டுச் சனமும் நடமாடுகிற இடம். வேலை முடிந்து வருகிற துருக்கியர், ஆப்கானியர், ஆபிரிக்கர் என்று சாதாரணமான ஆட்கள்தான் தொழப் போவார்கள். 2010 ஓகஸ்ட்டில் அரசு அதைப் பூட்டிவிட்டது. அத்தா கூட்டம் குடியிருந்தது ஹார்புர்க் பக்கம், மரியன்ஸ்திராஸே 54 ஆம் இலக்கத்தில். ஜர்ராஹ் அந்த வீட்டில் ஒருநாளும் குடியிருக்கவில்லை, தனியாகத்தான் இருந்தார். கூட்டத்தில் இருந்தும் கொஞ்சம் எட்ட நின்றவர் என்று இங்கே அந்த நாட்களில் செய்தித்தாள்கள் எழுதின.

1999 ஒக்டோபரில் அந்தப் பள்ளிவாசலில் ஒரு திருமணம் நடந்தது. கூட்டத்தில் ஒருவருடைய திருமணம். அதன் வீடியோ பிறகு பொலிஸ் கையில் கிடைத்தது. ஜர்ராஹும் ஷெஹ்ஹியும் அதில் இருக்கிறார்கள். அடுத்த மாதமே ஆப்கானிஸ்தான்.

நான் வந்த புதிதில் பாஷை தெரியாமல், ஒரு சின்ன அறையில் நான்கு பேரோடு இருந்தேன். நம்முடைய பாஷையில் கதைக்கிற ஒருவர் வாசலில் வந்து நின்றால் அது பெரிய ஆறுதல். அவர் என்ன கதைக்கிறார் என்று முதலில் பார்க்க மாட்டோம், கதைக்கிறாரே என்றுதான் இருக்கும். இதை நியாயம் சொல்வதற்காக எழுதவில்லை. என்னோடு இருந்தவர்கள் ஒருவரும் ஒருவரையும் கொல்லவில்லை.

---

பழையபேப்பர் #6

எல்பேக்கரை, உங்கள் கடைசி வரிக்கு நன்றி. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

---

ஓடுபாதை27 #7

நான் விமான நிலைய வேலையில் பத்தொன்பது வருஷம் இருந்தவன். கடவுச்சீட்டு, விசா, பயணிகள் பட்டியல் இதெல்லாம்தான் என் கண்ணில் படும். நெய்தல்நிலம் சார் கேட்டது அவன் திரும்பிப் போக எத்தனை வழி இருந்தது என்று. எனக்குத் தோன்றும் கேள்வி, அவனைத் தடுக்க எத்தனை இடம் இருந்தது என்பது.

2000 ஜனவரி 30, துபாய். ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பும் வழியில் அமீரக அதிகாரிகள் நிறுத்தி விசாரித்தார்கள். கடவுச்சீட்டில் குர்ஆன் பக்கம் ஒன்று ஒட்டியது போல இருந்தது, பையில் மதப் பிரசார நாடாக்களும் புத்தகங்களும் இருந்தன. ஹாம்பர்க்கில் பல வருஷமாக இருக்கும் மாணவன், விமானப் பொறியியல் படிக்கிறான் என்று பார்த்து விட்டுவிட்டார்கள்.

ஜெர்மனி திரும்பியதும் கடவுச்சீட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புதிது வாங்கினான். பழையதில் பாகிஸ்தான் போய்வந்த முத்திரை இருக்குமே, அது போய்விட்டது. தாடியை எடுத்தான். பழைய ஸியாத் திரும்பி வந்துவிட்டான் என்று காதலி நம்பினாள். 2000 மே மாதம் பெர்லினில் அமெரிக்க விசா கிடைத்தது. அதே வருஷம் பினல்ஷிப் நான்கு முறை விண்ணப்பித்து நான்கு முறையும் மறுக்கப்பட்டான். பயங்கரவாதி என்று யாரும் சந்தேகப்படவில்லை. ஏமன்காரன், போனால் வேலை தேடி அங்கேயே தங்கிவிடுவான் என்ற கணக்குத்தான்.

அடுத்தது என் தொழிலைச் சேர்ந்தது. ஜர்ராஹ் 2000 ஜூன் கடைசியில் சுற்றுலா விசாவில் நுழைந்தான். நேராக புளோரிடாவில் வெனிஸ் என்ற ஊருக்குப் போய் விமானப் பள்ளியில் முழுநேர மாணவனாகச் சேர்ந்துவிட்டான். சுற்றுலா விசாவில் அப்படிச் சேரக் கூடாது. அதோடு அவனுடைய அனுமதி செல்லாததாகிவிட்டது. அதற்கு அப்புறம் ஆறு முறை அமெரிக்காவை விட்டுப் போய்த் திரும்ப நுழைந்திருக்கிறான். ஆறு முறையும் கவுன்டரில் இருந்தவர் அவனைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் வெளிநாட்டு மாணவர்களைப் பின்தொடரும் கணினி முறையே அப்போது இல்லை. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் ஒரு சிரித்த முகமும் சரியான கடவுச்சீட்டும் மட்டும்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட கிடைக்காது.

ஆனாலும் ஒருவர் செய்தார். 2001 ஆகஸ்ட் 4, ஆர்லாண்டோ. முகமது அல் கஹ்தானி என்ற சவூதிக்காரன் ஒருவழி டிக்கெட்டோடு வந்து இறங்கினான். ஹோசே மெலெண்டெஸ்-பெரெஸ் என்ற அதிகாரிக்கு அவன் பேச்சும் பார்வையும் சரியாகப் படவில்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து விசாரித்து, அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார். வெளியே அவனை அழைத்துப் போக அத்தா காத்திருந்தான். மற்ற மூன்று விமானங்களிலும் ஐந்து பேர் இருந்தார்கள், 93 இல் மட்டும் நான்கு பேர்தான். அந்த ஐந்தாவது ஆள் இவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது பலருடைய முடிவு. எங்கள் வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் இந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

---

தென்றல்84 #8

ஓடுபாதை சார், இந்தப் பதிவை அப்படியே என் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். அவனும் குடியேற்றப் பிரிவில் இருக்கிறான்.

எனக்கு ஒரு சந்தேகம். ஜர்ராஹ் உண்மையிலேயே விலக நினைத்தாரா? அல்லது அது பிறகு வந்த கதையா?

---

நெய்தல்நிலம் #9

இதைத்தான் எழுத வந்தேன்.

அத்தாவுக்கும் இவனுக்கும் ஒத்துப்போகவில்லை. தன்னை எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வைக்கிறார்கள் என்று இவனுக்குக் குறை. இவன் அடிக்கடி வெளிநாடு போய் வருகிறான், காதலியை விடவில்லை என்று அத்தாவுக்குக் கோபம். 2001 ஜனவரியில் அந்தப் பெண் புளோரிடாவுக்கே வந்து பத்து நாள் தங்கினாள். பயிற்சிக்குக்கூட ஒருநாள் கூடப் போனாள். தான் காதலிப்பவன் விமானி ஆகப் போகிறான் என்ற சந்தோஷத்தில் இருந்திருப்பாள்.

2001 ஜூலை 25 அன்று மியாமியிலிருந்து டுஸல்டார்ஃப். ஒருவழி டிக்கெட். டிக்கெட் வாங்கித் தந்தவள் அந்தப் பெண். விமான நிலையத்துக்குக் காரில் கொண்டு போய் விட்டவன் அத்தா. இறங்கிய இடத்தில் காத்திருந்தவன் பினல்ஷிப். இவனுக்கு முதலில் காதலியைப் பார்க்க வேண்டும், அப்புறம் பேசலாம் என்கிறான். சில நாள் கழித்து இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். உணர்ச்சிகரமான பேச்சு என்கிறது அறிக்கை. கடைசிவரை நில் என்று பினல்ஷிப் இவனைப் பிடித்து வைக்கிறான்.

அதே சமயத்தில் சதியின் மூளையான காலித் ஷேக் முகமதுவும் பினல்ஷிப்பும் போனில் பேசியது சங்கேத மொழியில். அத்தா, ஜர்ராஹ் சண்டையை ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை போலப் பேசுகிறார்கள். விவாகரத்து ஆனால் செலவு அதிகமாகும் என்று கவலைப்படுகிறார்கள். இவன் விலகினால் அந்த இடத்துக்கு ஸக்கரியாஸ் மூஸாவியைப் போடத் தயாராக வைத்திருந்தார்கள் என்பது கமிஷனின் கணிப்பு. மூஸாவி ஆகஸ்ட் 16 அன்று மினசோட்டாவில் விமானப் பள்ளியில் சந்தேகம் வந்து கைதானான்.

அதற்குப் பதினொரு நாள் முன்னாலேயே, ஆகஸ்ட் 5 அன்று, ஜர்ராஹ் அமெரிக்கா திரும்பிவிட்டான்.

ஆகவே, ஆமாம் சகோதரி. ஒருவழி டிக்கெட், கையில் காதலி, சொந்த ஊர், படிக்காமல் விட்ட படிப்பு எல்லாம் இருந்தது. ஜெர்மனியில் ஒரு போலீஸ் நிலையத்தின் கதவைத் தட்டியிருந்தால் போதும். பேசாமல் பெய்ரூட்டுக்குப் போய் அப்பா வீட்டில் படுத்திருந்தால்கூடப் போதும்.

---

மதுரைவாசகன் #10

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு ஞாபகம். 1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த ஐசி 814 கடத்தப்பட்டுக் கடைசியில் காந்தஹாரில் போய் நின்றது. 31 ஆம் தேதி வரை ஓடுபாதையில் நம் ஆட்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். ஒருவரைக் கொன்றும்விட்டார்கள். அந்த ஒரு வாரம் இந்த ஹாம்பர்க் கூட்டமும் ஆப்கானிஸ்தானில்தான் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருந்தது என்று சொல்லவில்லை. ஆனால் நாம் வாசலில் நின்று கதறிய அதே வாரத்தில், உள்ளே வேறு ஒரு அறையில் அது தயாராகிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

---

நடுநிலை #11

எல்லாரும் அறிக்கையையே நம்பிப் பேசுகிறீர்கள். 93 ஐ அமெரிக்க ராணுவமே சுட்டு வீழ்த்தியது என்றும் பலர் சொல்கிறார்களே? பயணிகள் எதிர்த்தார்கள் என்பது பிறகு கட்டிய கதையாக இருக்கலாம் அல்லவா?

---

ஓடுபாதை27 #12

நண்பரே, கேட்டதில் தவறில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான்.

விமானம் விழுந்தது 10:03. அது கடத்தப்பட்டது என்ற செய்தியே ராணுவத்தின் வான் பாதுகாப்புப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது 10:07. சுடலாம் என்ற அனுமதி பேசப்பட்டது அதற்கும் பிறகு. இதில் ராணுவத்துக்குப் பெருமை எதுவும் இல்லை. தகவல் போகவே இல்லை என்பதுதான் வெட்கக்கேடு. தவறு செய்தவர்கள் தங்கள் தவறைக் காட்டும் நேரக் கணக்கு அது.

இரண்டு கறுப்புப் பெட்டிகளும் கிடைத்தன. விமானி அறை ஒலிப்பதிவை 2002 ஏப்ரலில் குடும்பத்தினருக்குப் போட்டுக் காட்டினார்கள். 2006 இல் மூஸாவி வழக்கில் நீதிமன்றத்தில் போட்டார்கள். அம்மா அப்பா, மனைவி, கணவன் எல்லாரும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அதைக் கட்டிய கதை என்று நான் சொல்ல மாட்டேன்.

---

நடுநிலை #13

10:07 விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

---

எல்பேக்கரை #14

இங்கே நடந்த வழக்கையும் சொல்லிவிடுகிறேன். முனீர் எல் மொத்தஸ்ஸதெக் என்ற மொரோக்கோக்காரர், அந்தக் கூட்டத்துக்கு உதவி செய்தவர். முதல் தீர்ப்பு 2003 இல். மேல் நீதிமன்றம் அதை இரத்து செய்தது. மறுபடி வழக்கு, மறுபடி மேன்முறையீடு. கடைசியில் 246 பேரின் கொலைக்கு உடந்தை என்று 15 வருடச் சிறை. 246 என்பது நான்கு விமானங்களில் இருந்த பயணிகளும் ஊழியர்களும். கட்டடங்களில் இறந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 2018 இல் மொரோக்கோவுக்கு நாடு கடத்தினார்கள். அன்று செய்தியில் அவரை விமானத்துக்குக் கூட்டிப் போகிற படம் வந்தது. நான் வேலையிடத்தில் தேநீர் குடித்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்தில் இருந்த இளம் பையனுக்கு அது யார் என்றே தெரியவில்லை.

---

நெய்தல்நிலம் #15

கடைசி மூன்று நாளை எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 9, நள்ளிரவு தாண்டி. மேரிலாண்டில் 95 ஆம் நெடுஞ்சாலை. மணிக்கு 65 மைல் எல்லை உள்ள இடத்தில் 90 மைலில் போகிறான். போலீஸ்காரர் நிறுத்துகிறார். உரிமத்தைப் பார்க்கிறார், 270 டாலர் அபராதச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார், போகச் சொல்கிறார். அந்தச் சீட்டு பிறகு நியூவார்க் விமான நிலையத்தில் நின்ற வாடகைக் காரில் கிடைத்தது.

செப்டம்பர் 10 அன்று காதலிக்கு ஒரு கடிதம். விலாசம் தப்பாக எழுதியதால் அது போய்ச் சேராமல் அமெரிக்காவுக்கே திரும்பி வந்து எஃப்பிஐ கையில் சிக்கியது. நான் செய்ய வேண்டியதைச் செய்தேன், நீ பெருமைப்பட வேண்டும் என்ற பொருளில் எழுதியிருக்கிறான். அதைப் படித்த பிறகுதான் பழையபேப்பர் சார் சொன்னது எனக்கு முழுசாக உறைத்தது. தயங்கியவன் எழுதும் கடிதம் அல்ல அது.

செப்டம்பர் 11. நியூவார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் போயிங் 757. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது, ஓடுபாதை நெரிசலில் 8:42 க்குத்தான் மேலே ஏறியது. அந்தத் தாமதம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 9:28 க்குக் கடத்துகிறார்கள். 9:32 க்கு, இருக்கையில் உட்காருங்கள், விமானத்தில் குண்டு இருக்கிறது என்று இவன் பேசுகிறான். பயணிகளுக்குச் சொல்வதாக நினைத்துப் பேசியது கிளீவ்லாண்ட் கட்டுப்பாட்டு அறைக்குப் போனது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்றுகூட இவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

---

பழையபேப்பர் #16

இதற்கு மேல் நான் எழுதுகிறேன், அனுமதி கொடுங்கள். இவ்வளவு நேரம் அவனைப் பற்றியே பேசினோம்.

விமானத்தில் இருந்தவர்கள் போன் எடுத்தார்கள். குறைந்தது பத்துப் பயணிகளும் இரண்டு ஊழியர்களும். வீட்டுக்குப் பேசியபோதுதான் உலக வர்த்தக மையத்தில் நடந்தது அவர்களுக்குத் தெரிந்தது. அதுவரை உலகம் முழுக்க விமானக் கடத்தல் என்றால் ஒரே பாடம்தான்: பேசாமல் உட்கார், எதிர்க்காதே, தரையிறங்கியதும் பேரம் பேசுவார்கள். ஐசி 814 இலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பாடம் இனிமேல் உதவாது என்று இவர்கள் ஆகாயத்தில் இருக்கும்போதே புரிந்துகொண்டார்கள். தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சாண்டி பிராட்ஷா என்ற பணிப்பெண் கடத்தல்காரர்கள் மேல் ஊற்றக் கொதிநீர் வைத்தார். எல்லாரும் முதல் வகுப்பை நோக்கி ஓடுகிறார்கள், நானும் போக வேண்டும் என்று கணவரிடம் சொல்லி வைத்துவிட்டார்.

9:57 க்குப் பாய்ந்தார்கள். கடத்தல் நடந்து இருபத்தொன்பது நிமிஷம். நெய்தல்நிலம் சார், உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவனுக்கு இருபது மாதம் இருந்தது, இவர்களுக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

ஜர்ராஹ் விமானத்தை இடமும் வலமுமாக ஆட்டினான், மூக்கை மேலும் கீழுமாகத் தூக்கி அடித்தான், அவர்கள் கால் நிற்கக் கூடாது என்று. நிற்கவில்லை என்றாலும் விடவில்லை. முடித்துவிடலாமா என்று கூட இருந்தவனிடம் கேட்கிறான். 10:03 க்கு விமானம் தலைகீழாகி, பென்சில்வேனியாவில் ஷாங்க்ஸ்வில் பக்கத்துக் காலி நிலத்தில் விழுந்தது. வாஷிங்டனுக்கு இன்னும் இருபது நிமிஷப் பறப்புத்தான். குறி நாடாளுமன்றக் கட்டடம் அல்லது வெள்ளை மாளிகை. கதவை உடைத்தார்களா இல்லையா என்று இன்னும் வாதம் செய்கிறார்கள். சில நொடியில் தோற்றுவிடுவோம் என்று தெரிந்துதான் அவன் விமானத்தைத் தரையில் அடித்தான். எனக்கு அது போதும்.

---

தென்றல்84 #17

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். அங்கே நினைவிடம் இருக்கிறதா?

---

ஓடுபாதை27 #18

இருக்கிறது. 2018 இல் ஒரு கோபுரம் திறந்தார்கள். உயரம் 93 அடி. உள்ளே நாற்பது பேருக்கு நாற்பது காற்றுமணிகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சத்தம். காற்று அடிக்கும்போது மட்டும் ஒலிக்கும்.

---

நெய்தல்நிலம் #19

மகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒருத்தன் யோசிச்சான், ஆனா போயிட்டான்" என்று மெதுவாகச் சொன்னாள். அப்புறம் அந்த நாற்பது பேரின் பெயர்ப் பட்டியலைக் கேட்டாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக எப்படி உச்சரிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பன்னிரண்டு முடிந்திருக்கிறது.